எனி

செவ்வாய் இரவுகளில்
சுங்காய் பட்டணத்தில்
சலவைக் கடையின் மாடியில் ஆங்கில வகுப்பு.
கீழே இயந்திரங்கள் சுழலும்போதெல்லாம்
மேசை நடுங்கும், எங்கள் கையெழுத்தும்.

நான் செம்பனை ஆலையின் தராசுக் கெராணி,
நாற்பத்தொரு வயது.
பக்கத்தில் காவலாளி தில் பகதூர்,
பின்னால் மீ கோரேங் கடை ரொஸ்னா.
பாடம் எடுக்கும் சியூ லிங்குக்கு
எங்கள் மூவரையும்விட வயது குறைவு,
இருமல் அதிகம்.

இந்த வாரச் சொல், எனி.
கேள்விக்குள் போனால் ‘ஏதாவது’.
மறுப்புக்குள் போனால் ‘எதுவும்’.
வெறுமனே நின்றால் ‘எதுவானாலும்’.
ஒரே ஆள்
மூன்று வீட்டில் மூன்று பேரில் சாப்பிடுகிறான்.

அவனுக்கு ஒரு பங்காளி உண்டு, சம்.
“சம் டீ வேண்டுமா என்பவள்
ஜாடியைக் கையில் எடுத்துவிட்டாள்.
எனி டீ வேண்டுமா என்பவள்
வேண்டாம் என்ற பதிலுக்கும் தயார்”
என்றாள் சியூ லிங்.
எனக்கு உடனே என் நாத்தனார் நினைவு.
“ஏதும் சாப்பிடுறீங்களா?”
அவள் தமிழிலேயே எனி போட்டு உபசரிப்பாள்.

மறுநாள் தராசில் லோரி ஏறி நின்றது.
என் இருநூறு ரிங்கிட் எப்போது என்றேன்.
“எனி டே, அக்கா” என்றான் குணாளன்.
எந்த நாளும் என்றால் எந்த நாளும்தானே.
ஞாயிறு உட்பட ஏழையும் எண்ணிப் பார்த்தேன்.
ஏழிலும் வரலாம்,
ஏழிலும் வராமலும் இருக்கலாம்.
மொத்த எடை இருபத்தெட்டு டன் என்று
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

மாதக் கடைசிக் கூட்டம், காலை எட்டு மணி.
ஆலையைப் புதுக் கம்பெனி வாங்கியிருக்கிறது.
திரையில் அம்புக்குறிகள், வட்டங்கள்,
கண்ணும் வாயும் வரைந்த
சிரிக்கும் செம்பனைக் குலை ஒன்று.
மடிக்கணினியை மூடிக்கொண்டே மேலாளர்
“எனி கொஸ்டின்ஸ்?” என்றார்.

பதினோரு வருடமாய்க் கேட்கும் ஓசை.
அது கேள்வியே இல்லை.
நாற்காலியைத் தள்ளலாம், பசியாறப் போகலாம்
என்று அர்த்தம்.
கூட்டக் குறிப்பு அடிப்பதும் நான்தான்.
கடைசித் தலைப்பு ‘எனி அதர் பிசினஸ்’,
அதன் கீழே ‘நில்’.
அந்த மூன்று எழுத்துகளில்
விசைப்பலகை தேய்ந்தே போயிருக்கிறது.

பேனா பிடித்த ஒரு கை மேலே நின்றது.
பார்த்தால் என்னுடையது.
“சம்” என்றேன்.
முழு வாக்கியமாய் வந்திருக்க வேண்டும்,
ஒற்றைச் சொல்லாய் விழுந்தது.
மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு என்னை.
மடிக்கணினி பாதி திறந்தது.

லயத்து வீடுகள், முப்பத்திரண்டு குடும்பம்,
எந்த மாதம்வரை இருக்கலாம்?
மார்ச்சில் சம்பளத்தில் பிடித்த சேமநிதி
எங்கே போனது?
மூன்றாவதில் ஆங்கிலம் தீர்ந்துவிட்டது.
மலாயில் தொடர்ந்தேன், நடுவில் தமிழும் வந்தது,
யாரும் திருத்தவில்லை.
பின் வரிசையிலிருந்து பாய்லர் வீரபத்திரன்
“எனக்கும் சம்” என்றார்.

“எனி டெவலப்மென்ட் இருந்தால் சொல்கிறோம்.”
பாருங்கள்,
‘இருந்தால்’ என்ற நாலாவது வீட்டிலும்
அவனுக்கு இலை போடுகிறார்கள்.
சியூ லிங் இதைச் சொல்லவேயில்லை.
செவ்வாய்க்கிழமை கேட்க வேண்டும்.

மாலையில் குறிப்பு அடித்தேன்.
எனி அதர் பிசினஸ்.
கீழே ஒன்று, அதற்குள் அ, ஆ, இ.
பிறகு இரண்டு.
அடுத்த பக்கத்துக்குப் போனது.
அச்சுப்பொறியில் தாள் தீர்ந்துவிட்டது.

கணக்கர் அறைக் கதவைத் தட்டிக்
கையை நீட்டினேன்.
“சம் பேப்பர்.”